அருடினோவுக்கு முன்னாடி ஆந்தையைப் பாருங்க

ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன் வந்தால் ஒரு டீமாவது 'ஸ்மார்ட் எலி விரட்டி'யோடு வந்து நிற்கும். ஒரு அருடினோ போர்டு, ஒரு பி.ஐ.ஆர் சென்சார், ஒரு அல்ட்ராசோனிக் பஸ்ஸர், மேலே ஒரு குட்டி சோலார் பேனல். பி.பி.டி.யில் முதல் ஸ்லைடு 'விவசாயிகளின் துயரம்', கடைசி ஸ்லைடு 'எதிர்காலத்தில் ஏ.ஐ. இணைக்கப்படும்'. மார்க் வந்துடும். போர்டு டிபார்ட்மென்ட் அலமாரிக்குப் போயிடும். எலி மட்டும் மக்காச்சோளக் காட்டிலேயே இருக்கும்.

யாரையும் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. பிரச்சினை உண்மையானது. பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் மூன்றும்தான் பல வீடுகளில் காலேஜ் ஃபீஸ் கட்டுது. எலி கடித்த கதிர் அந்த ஃபீஸில் ஒரு பகுதி. ஆனால் பிரச்சினையைத் தீர்க்கப் போகிறவன் முதலில் களத்தில் ஏற்கெனவே என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கணும் இல்லையா? குரும்பலூர் பக்கம் ராத்திரியில் வரப்போரம் போய் நின்று பார்த்தால், நாம் செய்ய நினைக்கிற சிஸ்டம் ஏற்கெனவே அங்கே பறந்துகொண்டிருக்கும். பேட்டரி வேண்டாம், சிம் கார்டு வேண்டாம். அதன் பெயர் ஆந்தை.

என் கருத்து இதுதான்: இந்த மார்கழி, தை இரண்டு மாசமும் நம்ம காலேஜ் பசங்க ஆந்தை வேட்டையாடுவதை ஒழுங்காகக் கவனித்துக் குறிப்பெடுக்கணும். அதற்கு அப்புறம்தான் எலி சம்பந்தமான எந்த ப்ராஜெக்டுக்கும் டைட்டில் கொடுக்கணும்.

அல்ட்ராசோனிக் ஏன் வேலை செய்யாது

முதலில் இந்த பஸ்ஸர் கதையை முடிச்சுடுவோம். அதிக அதிர்வெண் ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துபோகும். இலை, தண்டு, மண்கட்டி எது குறுக்கே வந்தாலும் நின்றுவிடும். ஆளுயர மக்காச்சோளத்துக்குள் அது எத்தனை அடி போகும்? அப்படியே போய்ச் சேர்ந்தாலும், சத்தத்தால் ஆபத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்த சில நாளில் எலி பழகிக்கொள்ளும். அமெரிக்காவில் இந்த மாதிரிக் கருவி விற்ற 60-க்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2001-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதைத்தான் நாம் இன்னும் 'நாவல் அப்ரோச்' என்று போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம்ம ஊர் குளிர்காலம் வேற

குளிர்கால ஆந்தை என்று தேடினால் வருவதெல்லாம் ஐரோப்பா, கனடா வீடியோக்கள். உறைபனிக்கு அடியில் ஓடும் எலியின் சத்தம் கேட்டுத் தலைகீழாகப் பாயும் சாம்பல் ஆந்தை. பார்க்கப் பிரமாதமா இருக்கும். ஆனால் நமக்குப் பனி என்றால் புல் நுனியில் நிற்கிற ஈரம், காலை ஏழு மணிக்கு காலேஜ் பஸ் ஹெட்லைட் போட்டுக்கொண்டு வருகிற மூட்டம். அவ்வளவுதான். அதனால் நம்ம ஆந்தைக்குக் குளிர்காலம் பஞ்ச காலம் கிடையாது. கிட்டத்தட்ட சீசன் என்றே சொல்லலாம்.

காரணம் மூன்று. ஒன்று, நேரம். நம்ம அட்சரேகையில் டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ராத்திரி சுமார் 12½ மணி நேரம். ஜூனில் சுமார் 11¼ மணிதான். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம்.

இரண்டு, மழை. ஆந்தையின் இறகு மிருதுவானது, சத்தம் எழாது. ஆனால் தண்ணீரைத் தாங்காது. நனைந்தால் கனக்கும். மழைச் சத்தத்தில் எலிச் சத்தமும் கேட்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல ராத்திரி அது பட்டினி கிடக்க வேண்டியதுதான். மார்கழி பிறந்து வானம் வெளுத்துக் காற்று அடங்கினால் அதற்கு விடிவுகாலம்.

மூன்று, அறுவடை. மக்காச்சோளம் நிற்கும்வரை எலிக்கு மேலே கூரை இருக்கிறது. தையில் தட்டை அறுத்ததும் கூரை போச்சு. சிந்தின மணியைப் பொறுக்கத் திறந்த வெளிக்கு வரணும், இல்லைன்னா வரப்புக்கு ஓடணும். இரண்டுமே மேலிருந்து பார்க்கிறவனுக்கு வசதி.

யார் யாரைப் பார்க்கலாம்

நம்ம பக்கத்தில் மூன்று பேரை எளிதாகப் பிரித்துத் தெரிந்துகொள்ளலாம். மூவரும் வேட்டையாடும் விதம் வேறு வேறு.

முதல் ஆள் புள்ளி ஆந்தை. மைனா அளவுதான் இருக்கும். புளியமரப் பொந்து, பழைய சுவர் ஓட்டை எங்கேயும் குடியிருக்கும். இருட்டுகிற நேரத்தில் ஜோடியாக வெளியே வந்து கிறீச்சிட்டுச் சண்டை போடுகிற மாதிரி கத்தும். அப்புறம் தெருவிளக்குப் பக்கம் ஒரு கம்பியில் உட்காரும். விளக்குக்கு வருகிற வண்டும் விட்டிலும்தான் அதற்கு டிபன். நடுவில் ஒரு பல்லி, ஒரு சுண்டெலி. பாய்வதற்கு முன் தலையை மேலும் கீழும், இடதும் வலதும் ஆட்டும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அது தூரம் அளக்கிறது. ஆந்தைக்குக் கண் குழிக்குள் உருளாது. அதனால் தலையையே நகர்த்தி, இரண்டு மூன்று இடத்திலிருந்து ஒரே பொருளைப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. சர்வேயிங் லேபில் நாம் செய்வதும் இதே வேலைதான், என்ன, நமக்கு அரை நாள் ஆகும்.

இரண்டாவது கொம்பன் ஆந்தை. பாறைக் குன்று, ஓடை மேடு, கைவிட்ட கல் குவாரிதான் இதன் வீடு. காது மாதிரி தெரிகிற அந்த இரண்டு கொம்பும் வெறும் இறகு. நிஜக் காது தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. அந்தி சாயும்போது பாறை உச்சியில் உட்கார்ந்து அடித்தொண்டையில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் வேட்டைக்குக் கிளம்பும். எலியிலிருந்து முயல் வரை தூக்கும் ஆள்.

மூன்றாவது கூகை. இதய வடிவ வெள்ளை முகம், அடிவயிறு வெளுப்பு. கோயில் கோபுரம், பாழடைந்த கட்டடம், தண்ணீர்த் தொட்டியின் அடி இங்கெல்லாம் தங்கும். வயலுக்கு மேல் பத்தடி உயரத்தில் மெதுவாகப் போய்த் திரும்பும், இல்லை ஒரு கம்பில் உட்கார்ந்து காத்திருக்கும். எலி என்று வந்தால் நம்ம ஊரில் பெரிய ஸ்பெஷலிஸ்ட் இதுதான்.

இ.சி.இ. பசங்க கவனிக்க வேண்டிய இடம்

கூகை கும்மிருட்டிலும் எலியைப் பிடிக்கும், காதால் மட்டுமே. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க உயிரியலாளர் வெளிச்சமே இல்லாத அறையில் கூகையை விட்டு இதைச் சோதித்துக் காட்டினார். அதன் இரண்டு காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கீழே. இடமா வலமா என்பதை, சத்தம் இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தில் கண்டுபிடிக்கும். மேலேயா கீழேயா என்பதை, சத்தத்தின் அளவு வித்தியாசத்தில் கண்டுபிடிக்கும். அந்த வட்ட முகம் முழுக்க ஒரு டிஷ் ஆன்டெனா.

இந்த நேர வித்தியாசத்தை ஒரு மூளை எப்படிக் கணக்கிட முடியும் என்பதற்கு லாயிட் ஜெஃப்ரஸ் 1948-இல் ஒரு மாதிரி சொன்னார். ஒரு காதிலிருந்து வரும் சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்திக்கொண்டே போ; இரண்டு பக்க சிக்னலும் எந்த இடத்தில் ஒன்றாகச் சந்திக்கிறதோ, அந்த இடமே திசையைச் சொல்லிவிடும். டிலே லைன், கோயின்சிடென்ஸ் டிடெக்டர். பேப்பரில் இருந்த அந்த சர்க்யூட் உயிருள்ள கூகையின் மூளையில் அப்படியே இருக்கிறது என்பதை மசகாசு கொனிஷியின் ஆய்வுக் குழு கால்டெக்கில் 1980-களில் காட்டியது. நம்ம சிலபஸில் வருகிற விஷயம் நம்ம ஊர்க் கோபுரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

மெக்கானிக்கல்காரர்களுக்கும் பங்கு உண்டு. ஆந்தை இறகின் முன் விளிம்பில் சீப்பு மாதிரி பல், பின் விளிம்பில் குஞ்சம், மேற்பரப்பில் வெல்வெட் மாதிரி மென்மை. மூன்றும் சேர்ந்து காற்றின் சுழலை உடைத்துச் சத்தத்தைக் குறைக்கின்றன. ஜப்பானில் 500 வகை புல்லட் ரயில் 1997-இல் ஓடத் தொடங்கியபோது, அதன் கூரைமேல் மின்சாரம் எடுக்கும் கருவியின் இரைச்சலைக் குறைக்க எய்ஜி நகாட்சு என்ற இன்ஜினீயர் இந்த முன் விளிம்புப் பல்லைத்தான் பின்பற்றினார். அவர் பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர். கேட் சயின்ஸ் புத்தகத்தில் இது கிடைத்திருக்காது.

அபசகுனம் என்பவர்களுக்கும், விஷம் வைப்பவர்களுக்கும்

இவ்வளவு திறமை இருந்தும் நம்ம ஊரில் அதற்குக் கிடைத்த பெயர் சாக்குருவி. வீட்டு மேல் உட்கார்ந்து கத்தினால் யாரோ போய்ச் சேரப் போகிறார்கள் என்று அர்த்தமாம். கல்லெடுத்து அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆந்தை நம்ம வீட்டுக்கு வருவதற்கு ஒரே காரணம், நம்ம வீட்டில் எலி இருக்கிறது என்பதுதான். சகுனம் பார்ப்பதானால் அதைச் சுகாதாரத் துறை நோட்டீஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆந்தையைப் பிடிப்பதோ கொல்வதோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி வைக்கலாம்.

ஆனால் கல்லைவிட மோசமான எதிரி எலி விஷம். அதிலும் குறிப்பாக, ரத்தம் உறையாமல் செய்து மெதுவாகக் கொல்லும் புரோமாடியோலோன் வகை. இதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் உயிரோடு இருக்கும், தள்ளாடும், பகலென்றும் இரவென்றும் தெரியாமல் வெளியே வரும். ஆந்தைக்கு அதைவிட எளிதான இரை எது? விஷம் எலியின் ஈரலில் தங்கி, அங்கிருந்து ஆந்தைக்குப் போகும். அதாவது எலியைக் கொல்ல வைத்த விஷம், எலியைக் கொல்கிறவனையும் கொல்லுது. எலி மாசக் கணக்கில் திரும்பப் பெருகிவிடும். ஆந்தை வருஷத்துக்குச் சில குஞ்சுதான் வளர்க்கும். இந்த ரேஸில் யார் ஜெயிப்பான் என்று கணக்குப் போட ஃபர்ஸ்ட் செம் மேத்ஸே போதும்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். "தம்பி, ஆந்தையை நம்பி நான் வெள்ளாமையை விடவா?" என்று ஒரு விவசாயி கேட்டால் என்ன சொல்வது? விட வேண்டாம் என்றுதான் சொல்லணும். ஆந்தை எலியை ஒழிக்காது. எந்த வேட்டைப் பறவையும் தன் இரையை ஒழித்துக்கட்டாது. எலி எண்ணிக்கை எகிறிய வருஷத்தில் ஆந்தை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது. வரப்பைச் சிறிதாக வைப்பது, வளையை வெட்டுவது, டெல்டா பக்கம் வைக்கிற மூங்கில் கிட்டி, எல்லாம் சேர்ந்துதான் பலன். ஆந்தையின் பங்கு, எலி பெருகும் வேகத்துக்கு ஒரு பிரேக். பிரேக் மட்டும் வைத்து வண்டி ஓட்ட முடியாது, சரி. பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டும் ஓட்டக் கூடாது.

இது கற்பனை யோசனை கிடையாது. இஸ்ரேலில் ஸ்டே எலியாகு என்ற கூட்டுப்பண்ணையில் 1983-இல் கூகைக்குக் கூடுப்பெட்டி வைக்க ஆரம்பித்தார்கள். இன்று அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் பெட்டிகள் இருக்கின்றன. 2002-க்குப் பிறகு ஜோர்டான், பாலஸ்தீன விவசாயிகளும் இதில் சேர்ந்தார்கள். அந்தப் பக்கமும் ஆந்தை அபசகுனம் என்ற நம்பிக்கை உண்டு. அதைத் தாண்டித்தான் பெட்டி ஏறியது. மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலிக்குக் கூகையைத்தான் குடிவைத்தார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? குரும்பலூரிலிருந்து துறையூர் ரோட்டிலேயே போனால், அந்தப் பக்கம் புத்தனாம்பட்டியில் நேரு நினைவுக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள விலங்கியல் ஆய்வாளர்கள் காவிரிப் படுகையில் கூகையும், திருச்சி மாவட்டத்தில் கொம்பன் ஆந்தையும் என்ன தின்கின்றன என்று வருஷக் கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். எப்படி? ஆந்தை எலியை முழுசாக விழுங்கும். ஜீரணிக்க முடியாத எலும்பையும் மயிரையும் ஓர் உருண்டையாகக் கக்கிவிடும். 'பெல்லட்' என்பார்கள். அது தங்கும் மரத்தடியில் இந்த உருண்டைகளைப் பொறுக்கித் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடு, தாடை, பல் எல்லாம் வரும். எத்தனை எலி, என்ன வகை எலி என்று எண்ணிவிடலாம். செலவு என்று பார்த்தால் ஒரு ஜோடி கையுறை, ஒரு இடுக்கி, ஒரு லென்ஸ். நம்ம ப்ராஜெக்டில் ஒரு ஜி.எஸ்.எம். மாட்யூல் வாங்குகிற காசுகூட ஆகாது.

நாம என்ன செய்யலாம்

குளிர்காலப் பறவை என்றால் நம்ம பக்கத்தில் எல்லாரும் கரைவெட்டிக்குத்தான் வண்டி எடுப்போம். 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி, இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து, போகத்தான் வேணும். ஆனால் விருந்தாளிக்கு இவ்வளவு மரியாதை செய்கிற நாம், வருஷம் முழுக்க வேலை பார்க்கிற வீட்டு ஆளை ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

மார்கழியும் தையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 60 ராத்திரி. முப்பது பேர் சேர்ந்தால், ராத்திரிக்கு இரண்டு பேர் வீதம் ஒருத்தருக்கு நாலு ராத்திரிதான் வரும். அதுவும் விடிய விடிய வேண்டாம். இருட்டியதும் இரண்டு மணி நேரம் போதும். ஒரு நோட்டில் ஆறு கட்டம்: நேரம், எந்த ஆந்தை, எங்கே உட்கார்ந்தது, எத்தனை தடவை பாய்ந்தது, எத்தனை தடவை பிடித்தது, அப்போது சுற்றிலும் எவ்வளவு சத்தம். கடைசிக் கட்டத்துக்கு மொபைலில் டெசிபல் ஆப் போதும்.

அந்தக் கடைசிக் கட்டத்தை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் 2016-இல் வந்த ஓர் ஆய்வில், ஒவ்வொரு டெசிபல் இரைச்சல் கூடும்போதும் ஒரு சிறு ஆந்தை இரையைப் பிடிக்கும் வாய்ப்பு 8% குறைந்தது. அதே ஆண்டு ஜப்பானில் நடந்த ஆய்வில், வாகன இரைச்சல் ரோட்டிலிருந்து 120 மீட்டருக்கு அப்பாலும் ஆந்தையின் வேட்டையைக் கெடுத்தது தெரிந்தது. நம்ம பக்கத்தில் திருச்சி-சென்னை நெடுஞ்சாலை இருக்கிறது, குவாரி லாரி இருக்கிறது, மார்கழி மைக் செட் இருக்கிறது, நம்ம காலேஜ் டி.ஜே.யும் இருக்கிறது. ஸ்பீக்கர் பாடுகிற ராத்திரியில் ஆந்தை எத்தனை தடவை தவறவிடுகிறது? நம்ம ஊருக்கான இந்தக் கேள்விக்கு நாம்தான் பதில் எடுக்கணும்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில கண்டிப்பான விதிகள். ஆந்தையின் கண்ணில் டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. யூடியூபில் ஆந்தைக் குரல் போட்டுக் கூப்பிடக் கூடாது. கூட்டுக்குப் பக்கத்தில் போய் ரீல்ஸ் எடுக்கவே கூடாது. காட்டுக்காரர் அனுமதி இல்லாமல் வரப்பில் கால் வைக்கக் கூடாது. எலி இருக்கிற இடத்தில் விரியனும் இருக்கும். ஷூ போட்டு, வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு போகணும். பகலில் ஆந்தை எங்கே தங்குகிறது என்று தெரியணுமா? காக்காய்க் கூட்டம் ஒரே மரத்தைச் சுற்றிக் கத்துகிற இடத்தில் நிமிர்ந்து பாருங்கள்.

பார்த்து முடித்த பிறகுதான் கம்பு. 'டி' வடிவத்தில் ஒரு பறவைத் தாங்கி நட்டால் ஆந்தை அதில் உட்கார்ந்து வேட்டையாடும். வேளாண் பல்கலைக்கழகமே நெல்லுக்குச் சொல்கிற யோசனைதான். அதை அப்படியே மக்காச்சோளத்துக்கு நடுவில் நட்டால் பிரயோசனம் இருக்காது, பயிர் மறைத்துவிடும். வரப்போரத்தில் பயிரைவிட உயரமாக இருக்கணும், இல்லைன்னா அறுத்த பிறகு வைக்கணும். வெங்காயக் காட்டில் தரை திறந்தே இருப்பதால் அங்கே நன்றாக எடுபடும். தானியப் பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் பகல் பறவை வந்து உட்காரும், அப்போது கழற்றிவிடணும். எந்தக் கம்பு, எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி, அதில் எத்தனை ராத்திரி ஆந்தை உட்கார்ந்தது, அடியில் எத்தனை பெல்லட் விழுந்தது? இதுதான் எனக்கு ப்ராஜெக்டாகத் தெரிகிறது. இங்கே சென்சார் வைங்க, கேமரா வைங்க, டேட்டா லாகர் வைங்க. அப்போது அருடினோவுக்கும் ஒரு மரியாதை இருக்கும்.

விஷத்தை நாளைக்கே நிறுத்துங்கள் என்று எந்த விவசாயியிடமும் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் இரண்டு விஷயம் கேட்கலாம். ஆந்தை தங்குகிற மரத்துக்குப் பக்கத்தில் அந்த மெது விஷத்தை வைக்காதீர்கள், செத்த எலியை எடுத்து ஆழப் புதைத்துவிடுங்கள். நம்ம அப்பா, மாமா, சித்தப்பாவிடமே இதைக் கேட்க முடியும். கேட்கும்போது கையில் அறுபது ராத்திரிக் கணக்கு இருந்தால் அவர்கள் காது கொடுப்பார்கள். பி.பி.டி. ஸ்லைடு இருந்தால் "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்பார்கள்.

செமஸ்டர் முடிந்து லீவு விடப் போகிறார்கள். பாதிப் பேர் வீட்டுக்குப் பின்னாடியே காடு. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும். நீங்கள் பார்த்த ஆந்தையை அதிலும் பதிவு செய்யலாம். மாசி இதழில் கட்டுரை எதுவும் வேண்டாம், கவிதையும் வேண்டாம். அந்த ஆறு கட்டமும் நிரம்பின அறுபது வரி அட்டவணை ஒன்று வரட்டும். பேர் கொடுக்கிறவர்கள் கொடுங்கள், முதல் நாலு ராத்திரி என்னுடையது.